கலைப்பட்டம் பெற்றார்க்குச் சட்டமும் மருத்துவமும்

(நாரணாபுரத்தில் பட்டப்படிப்பை முடித்த இளைஞரும் அவர்தம் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



இவ்வூரில் இப்பொழுது வீட்டுக்கு ஒரு பட்டம் வந்துகொண்டிருக்கின்றது. கருந்திரி சுற்றிய கையும், சரவெடி பின்னிய கையும், தீப்பெட்டிக்குத் தாள் ஒட்டிய கையும் கூலி சேர்த்துப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பின. சிவகாசியில் 1963இல் தொடங்கிய அய்ய நாடார் சானகி அம்மாள் கல்லூரியும், 1968இல் தொடங்கிய இராசரத்தினம் மகளிர் கல்லூரியும் இச்சுற்று வட்டாரத்து ஊர்களுக்குக் கலைப்பட்டத்தை எட்டும் தொலைவில் கொண்டுவந்து வைத்தன. தமிழ், வரலாறு, பொருளியல், வணிகவியல் என்று படித்து முடித்த பிள்ளைகள் இங்கே அமர்ந்துள்ளனர். அடுத்து என்ன என்பதுதான் கேள்வி.

வழக்கமான விடைகள் மூன்று. பட்டாசுத் தொழிலகத்தில் கணக்கெழுதலாம். அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கலாம். ஆசிரியப் பயிற்சிக்குப் போகலாம். மூன்றும் மதிப்புள்ள பணிகளே. ஆனால் ஒரு பெண் எழுந்து, "தமிழ் இளங்கலை முடித்துவிட்டேன், சட்டம் படிக்கப் போகின்றேன்" என்றால் வீட்டில் உள்ளோர் சிரிக்கின்றனர். "மருத்துவம் படிக்க ஆசை" என்றாலோ சிரிப்புங்கூட எழுவதில்லை, இரங்கிய பார்வைதான். தமிழ் படித்தால் பள்ளிக்கூடம், அதை விட்டால் வேறு வழியில்லை என்னும் எண்ணம் அவ்வளவு ஆழமாக ஊன்றிவிட்டது.

இவ்விரு விருப்பங்களையும் ஒன்றாக்கிப் பேசுதல் கூடாது. சட்டத்தின் கதவு கலைப்பட்டத்தார்க்குத் திறந்தே உள்ளது. உண்மையில் அக்கதவே அவர்க்காக அமைக்கப்பட்டதுதான். மருத்துவத்தின் கதவு இந்நாட்டில் அவர்க்கு ஏறத்தாழ அடைத்துக் கிடக்கின்றது. பக்கவாயில் ஒன்று அண்மையில் திறந்துள்ளது. இரண்டையும் உள்ளது உள்ளபடியே பார்த்தல் நலம். பிள்ளைகளுக்குப் பொய்யான ஊக்கம் அளிப்பது பொய்யான அச்சம் அளிப்பதினும் தீது.

முதலில் சட்டம். கலைப்பட்டம் முன்னும் சட்டப்பட்டம் பின்னும் என்பது நூற்றைம்பது ஆண்டு வழக்கு. பள்ளியிறுதி முடித்தவுடன் ஐந்தாண்டுச் சட்டம் படிக்கும் முறை பரவியது 1980களுக்குப் பிறகே. அதற்கு முன் சட்டப்பட்டம் பெற்றோர் பெரும்பாலும் வேறொரு பட்டத்தை முடித்துவிட்டு வந்தவரே.

அவ்வழியில் முன்னே நடந்தவருள் ஒருவர் தமிழ்ப் பதிப்புலகின் தலைமகன் என்பது பலர்க்குத் தெரிவதில்லை. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி.வை. தாமோதரம் பிள்ளை வட்டுக்கோட்டையில் கற்றார். கோப்பாயில் ஆசிரியராக இருந்தார். பின் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றிய பொழுது நடத்திய முதல் இளங்கலைத் தேர்வில் தேறியவர் அவர். தமிழ்நிலத்தில் முதல் பட்டதாரி என்னும் பெருமை அவர்க்கு உரியது. அப்பட்டத்தோடு அவர் ஓய்ந்தாரில்லை. கள்ளிக்கோட்டையில் பள்ளிப்பணி, பின் சென்னையில் அரசின் வரவு செலவுக் கணக்குத் துறையில் பணி. அலுவலில் இருந்துகொண்டே சட்டம் பயின்று 1871இல் சட்டப்பட்டம் பெற்றார். அப்பொழுது அவர்க்கு அகவை முப்பத்தொன்பது. முதற் பட்டத்திற்கும் இரண்டாம் பட்டத்திற்கும் இடையே பதினான்கு ஆண்டுகள்! இருபத்தொரு அகவையில் "காலம் கடந்துவிட்டது" என்று கலங்கும் இளைஞர் இக்கணக்கைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

அரசுப் பணியினின்று ஓய்வு பெற்றபின் அவர் கும்பகோணத்தில் வழக்குரைஞராக இருந்தார். 1887இல் புதுக்கோட்டை மன்றத்தில் நடுவராக அமர்ந்தார். அதே 1887இல்தான் அவர் கலித்தொகையை அச்சிட்டு வெளியிட்டார். தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையுடன் 1868இலும், பொருளதிகாரம் 1885இலும் அவர் கையால் வெளிவந்தன. சிதைந்த ஏடுகள் பலவற்றை அருகருகே வைத்து, எது மெய்யான பாடம், எது எழுதினோர் பிழை என்று தெளிந்த அவ்வறிவும், சான்றுகளை எதிரெதிரே நிறுத்தி உண்மை காணும் வழக்குரைஞர் அறிவும் வேறு வேறானவை அல்ல. சட்டம் படித்தால் தமிழ் போய்விடும் என்று அஞ்சும் தமிழாசிரியர்க்கும் அவர் வாழ்வே விடை.

அவர்க்குப் பின் வந்தோரும் உளர். 1904இல் ஆங்கிலத்தில் 'ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழகம்' என்னும் பொருளில் நூலெழுதி உலகின் கண்ணைத் திறந்த வி. கனகசபைப் பிள்ளை, சட்டப்பட்டம் பெற்று மதுரையில் வழக்காடியவர். பின்னரே அஞ்சல் துறைக்குச் சென்றார். எட்டயபுரத்தில் 1879இல் பிறந்த நாவலர் சோமசுந்தர பாரதியார் கலைப்பட்டத்தின் பின் 1905இல் சட்டப்பட்டம் பெற்றுத் தூத்துக்குடியில் வழக்குரைஞரானார். கரிசல் மண்ணின் பிள்ளை. இவ்வூர்க்கு அயலார் அல்லர். வழக்காடிக்கொண்டே 1913இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். 1933 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். நெல்லையிற் பிறந்த கா. சுப்பிரமணிய பிள்ளையை ஊரார் பெயர் சொல்லி அழைத்ததைவிட 'எம்.எல். பிள்ளை' என்று அழைத்ததே மிகுதி. சட்டத்தில் முதுநிலைப் பட்டம் அன்று அவ்வளவு அரிது. சென்னைச் சட்டக் கல்லூரியில் கற்பித்தவர், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் தாகூர் சட்டப் பொழிவுகளைக் குற்றவியல் பற்றி நிகழ்த்தியவர், தமிழிலக்கிய வரலாறும் எழுதினார். இவர்கள் தமிழை விட்டுவிட்டுச் சட்டத்திற்குப் போனாரல்லர்; தமிழோடு போனார்கள்.

இனி இன்றைய நடைமுறை. ஏதேனும் ஒரு பட்டம் பெற்றவர் மூன்றாண்டுச் சட்டப்படிப்பில் சேரலாம். பட்டத்தேர்வில் பொதுப் பிரிவினர் நூற்றுக்கு 45, பிற்படுத்தப்பட்டோர் 42, பட்டியல் வகுப்பினரும் பழங்குடியினரும் 40 மதிப்பெண் பெற்றிருத்தல் வேண்டும் என்பது பார் கவுன்சில் என வழங்கும் வழக்குரைஞர் கழகத்தின் 2008ஆம் ஆண்டு விதி. தமிழ்நாட்டு அரசுச் சட்டக் கல்லூரிகளில் இம்மூன்றாண்டுப் படிப்பிற்கு நுழைவுத் தேர்வு இல்லை. பட்டத்தின் மதிப்பெண்ணே அளவுகோல். அம்பேத்கர் பெயரால் அமைந்த சட்டப் பல்கலைக்கழகத்தின் வழியாக விண்ணப்பித்தல் வேண்டும். நாரணாபுரத்திலிருந்து பார்த்தால் வடக்கே மதுரையிலும் தெற்கே திருநெல்வேலியிலும் அரசுச் சட்டக் கல்லூரிகள் உள்ளன. மதுரைக் கல்லூரி 1974இலும் நெல்லைக் கல்லூரி 1996இலும் தோன்றியவை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுதல் வேண்டும். பட்டாசுத் தொழிலகத்தில் பகல் முழுதும் உழைத்து அஞ்சல்வழியில் பட்டம் பெற்றோர் இப்பகுதியில் பலர். பத்தாம் வகுப்பும் மேனிலையும் முறையாகத் தேறியபின் அஞ்சல்வழிப் பட்டம் பெற்றவர்க்குச் சட்டக் கல்லூரியில் இடமுண்டு. அவ்விரண்டும் இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் பெற்றவர்க்கு இல்லை. இவ்வேறுபாட்டை அறியாமல் பணங்கட்டி ஏமாறியோர் உண்டு. சட்டப்படிப்பையோ அஞ்சல்வழியில் படிக்க இயலாது; வகுப்பில் நூற்றுக்கு எழுபது வருகை வேண்டும். அஞ்சல்வழிச் சட்டப்பட்டம் தருவதாக எவரேனும் விளம்பரம் செய்தால், அத்தாள் சுவரில் மாட்டவே உதவும், வழக்காட உதவாது.

தமிழ் படித்தவர்க்குச் சட்டம் புரியுமா என்னும் ஐயத்திற்கு வருவோம். சட்டம் என்பது சொற்களால் ஆயது. ஒரு தொடரில் 'உம்' எதைத் தழுவுகின்றது, 'அல்லது' எதைப் பிரிக்கின்றது, எச்சம் எவ்வினையைக் கொண்டு முடிகின்றது என்பதில் ஒருவனுடைய நிலமும் உயிரும் தொங்குகின்றன. இதைத் தமிழ் இலக்கணம் பயின்றவனைவிட நன்கறிவார் யார்? தொல்காப்பிய மரபியல் நூலுக்குரிய உத்திகள் முப்பத்திரண்டைக் கூறுகின்றது. ஒருதலை மொழிதல், உடம்பொடு புணர்த்தல், பிறன் உடம்பட்டது தான் உடம்படுதல் என்பனவற்றைக் கற்றவன், சட்டத்திற்குப் பொருள்கொள்ளும் நெறிகளைப் படிக்கும்பொழுது பழகிய தெருவில் நடப்பவன் ஆவான். சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் பிறர் உரையை மறுக்கும் முறையே நல்ல வழக்குரைக்கு வாய்த்த பயிற்சி.

சட்டம் எழுதத் தமிழ் போதாது என்போர் உத்தரமேரூர் வரை ஒருமுறை போய்வரலாம். முதற் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், ஊரவைக்குக் குடவோலையில் ஆள் எடுக்கும் முறையைக் கூறுகின்றன. அகவை எவ்வளவு, நிலம் எவ்வளவு, கணக்குக் காட்டாதவன் நிற்கலாமா, அவன் உறவினர் நிற்கலாமா என்று ஓட்டையின்றி எழுதியுள்ளனர். பார்ப்பனர் ஊரவை அது. வடசொற் கலப்பும் மிகுதி. ஆயினும் ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்பே நுணுக்கமான விதிகளைத் தாங்கிய தொடரமைப்பு தமிழினது.

இன்றும் தமிழறிவு கைகொடுக்கும் இடமொன்று உண்டு. உரிமையியல் நடுவர் பணிக்கு அரசுப் பணித் தேர்வாணையம் நடத்தும் தேர்வில் மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு தாள் இருக்கின்றது. சான்றுரையையும் ஆவணத்தையும் தமிழிலிருந்து ஆங்கிலத்திற்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் பெயர்த்தல் வேண்டும். ஆங்கிலப் பள்ளியில் படித்த பிள்ளைகள் அத்தாளில் இடறுகின்றனர்.

இவ்வூர்க்கு வழக்குரைஞர் எதற்கு என்று கேட்கலாம். இதற்கு விடை தேட நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை.

வெடிநேர்ச்சி ஒன்று நிகழ்கின்றது. நால்வர் இருக்க வேண்டிய அறையில் எண்மர் இருந்துள்ளனர். நாக்பூர் உரிமம் ஒருவர் பெயரில். அறைகள் உள்குத்தகைக்கு வேறொருவர் கையில். இறந்தவர் பெயர் வருகைப் பதிவேட்டில் இல்லை. கூலி எண்ணிக்கைக் கணக்கில் கையில் கொடுக்கப்பட்டது. ஆகவே திங்கள் வருவாய் எவ்வளவு என்பதற்கு எழுத்துச் சான்றில்லை. இழப்பீட்டுத் தொகையோ அத்திங்கள் வருவாயையும் இறந்தார் அகவையையும் வைத்தே கணக்கிடப்படுகின்றது. 1923இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முறை அது. 2020ஆம் ஆண்டின் குமுகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அம்முறையே சேர்க்கப்பட்டது. இத்தனை முடிச்சுகளையும் அவிழ்க்க வேண்டியவள் கணவனை இழந்து மூன்றாம் நாளில் நிற்கும் ஒரு பெண். யாரோ ஒருவர் ஒரு தொகையைக் கையில் வைத்து, ஒரு தாளில் கைந்நாட்டு வாங்கிச் செல்கின்றார். அத்தாளில் என்ன எழுதியுள்ளது என்று படித்துச் சொல்ல அவ்வீட்டில், அத்தெருவில் ஒருவர் இருந்தால் கதை வேறு. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் முப்பத்தெட்டுக்குக் குறையாத உயிர்கள் எரிந்தன. அந்நாளை இப்பகுதியில் யார் மறப்பார்?

சிவகாசிப் பிள்ளைகள் தீப்பெட்டித் தொழிலில் வாடிய வழக்கை உச்ச முறைமன்றத்திற்குக் கொண்டு சென்றவர் எம்.சி. மேத்தா. தில்லி வழக்குரைஞர். அவ்வழக்கில்தான் 1996 திசம்பர் 10ஆம் நாள், பிள்ளைகளை வேலைக்கு வைத்த ஒவ்வொரு முதலாளியும் ஒரு பிள்ளைக்கு 20,000 உருபா செலுத்த வேண்டும் என்னும் தீர்ப்பு வந்தது. மேத்தாவுக்கு நன்றி உரியது. ஆனால் சிவகாசிப் பிள்ளைக்காகப் பேசச் சிவகாசியிலிருந்து ஒருவர் எழாமற் போனது ஏன்? மறுபுறமும் பாருங்கள். தில்லிக் காற்றின் மாசு பற்றிய வழக்கில், 2018 அக்டோபர் 23ஆம் நாள் அதே மன்றம் சரவெடியையும் பேரியம் உப்பையும் தடுத்தது. குழந்தைகளின் மூச்சுக்காகத் தொடுத்த வழக்கு அது. அதில் முறை இல்லை என்று சொல்ல இயலாது. ஆயினும் சரவெடி பின்னிப் பிழைத்த பெண்ணுக்கு மாற்றுப் பிழைப்பு என்ன என்று அம்மன்றத்தில் அவள் மொழியறிந்து, அவள் தொழிலறிந்து எடுத்துரைக்க அவ்வூர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் சட்டம் படித்திருந்தனர்?

மொழித்தடை ஒன்று எதிரே நிற்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. கீழமை முறைமன்றங்களில் தமிழே வழங்க வேண்டும் என 1976இல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டது. பின்னாளில் ஆங்கிலத்தில் தீர்ப்பெழுதவும் நடுவர்க்கு இசைவு அளிக்கப்பட்டு அச்சட்டத்தின் வலு குன்றியது. திருவில்லிபுத்தூரில் உள்ள மாவட்ட மன்றத்தில் தமிழில் சான்றுரைக்கும் உழவன், மேல்முறையீடு மதுரைக்குச் சென்றதும் ஊமையாகின்றான். 2004 சூலையில் உயர் முறைமன்றக் கிளை மதுரைக்கு வந்ததால் தொலைவு குறைந்தது, மொழி குறையவில்லை. அரசியலமைப்பின் 348ஆம் பிரிவு, ஆளுநர் குடியரசுத் தலைவரின் இசைவோடு மாநில மொழியை உயர் முறைமன்றத்தில் புகுத்தலாம் என்கின்றது. அவ்வழியில் இராசத்தானும் உத்தரப்பிரதேசமும் மத்தியப்பிரதேசமும் பீகாரும் 1972க்குள் இந்தியைப் பெற்றுவிட்டன. தமிழ்நாட்டுப் பேரவை 2006 திசம்பரில் தமிழுக்காக அதே முடிவை எடுத்து அனுப்பியது, இசைவு வரவில்லை. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த மூன்று குற்றவியல் சட்டங்களுக்கோ, ஆங்கிலத்தில் எழுதிய சட்டத்திற்கும் இந்திப் பெயரே சூட்டியுள்ளனர். ஆகவே சட்டம் படிக்கும் தமிழ்ப் பட்டதாரி ஆங்கிலத்தைப் படைக்கருவி போலக் கற்றுத்தான் ஆகவேண்டும். முதலாண்டில் நாள்தோறும் இரண்டு தீர்ப்புகளை ஆங்கிலத்தில் படித்து, அவற்றின் சாரத்தைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிவந்தால் ஓராண்டில் அச்சம் அகலும். சோமசுந்தர பாரதியாரும் ஆங்கிலத்தில் வழக்காடியவரே.

இனி மருத்துவம். மேனிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படிக்காத ஒருவர், கலைப்பட்டம் எத்தனை பெற்றாலும் அப்பட்டத்தைக் கொண்டு இந்நாட்டில் மருத்துவக் கல்லூரியில் சேர இயலாது. அமெரிக்காவில் நிலை வேறு. அங்கே மருத்துவமே பட்டத்திற்குப் பிந்திய படிப்பு. வரலாறோ இலக்கியமோ படித்தவரும் வேண்டிய அறிவியல் பாடங்களை முடித்து, நுழைவுத் தேர்வெழுதிச் சேர்கின்றனர். பிரித்தனிலும் ஆத்திரேலியாவிலும் பட்டதாரிகட்கென நான்காண்டுப் படிப்புகள் உள்ளன. நோயாளியின் சொல்லைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் மருத்துவர்க்கு இலக்கியப் பயிற்சி கேடன்று என அந்நாடுகள் கண்டுள்ளன. பதினைந்து அகவையில் ஒரு பிள்ளை எடுத்த பாடப்பிரிவு அவன் வாழ்நாள் முழுவதையும் கட்டிப்போடும் முறை இங்குதான் இறுக்கமாக உள்ளது.

பக்கவாயில் என்று குறித்தது இதுதான். 2023 நவம்பரில் நடுவண் மருத்துவ ஆணையம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மேனிலை முடித்தபின் அறிவியல் பாடங்களைக் கூடுதல் பாடமாக ஏற்புடைய கல்வி வாரியத்தில் எழுதித் தேறியவரும் நீட் எழுதலாம் என்பது அது. அகவை மேல்வரம்பும் 2022இல் நீக்கப்பட்டது. எனவே கலைப்பட்டம் பெற்ற ஒருவர் மூன்று அறிவியல் பாடங்களையும் புதிதாகப் படித்துத் தேறி, நீட் தேர்விலும் இடம்பெறும் அளவு மதிப்பெண் பெற்றால் மருத்துவம் படிக்கலாம். அத்தேர்வை விலக்கத் தமிழ்நாட்டுப் பேரவை 2021இல் நிறைவேற்றிய சட்டவரைவுக்கு ஒப்புதல் கிட்டவில்லை. ஆகவே அத்தடையும் அங்கேயே நிற்கின்றது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்க்கு 2020ஆம் ஆண்டுச் சட்டம் நூற்றுக்கு ஏழரை இடம் ஒதுக்கியுள்ளது. விருதுநகரில் 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது.

கணக்கு இதுதான்: அறிவியல் பாடங்களுக்கும் நீட் பயிற்சிக்கும் இரண்டு மூன்றாண்டு, மருத்துவக் கல்லூரியில் ஐந்தரையாண்டு. இருபத்தொன்றில் தொடங்குபவர் முப்பதில் மருத்துவராவார். வீடு தாங்குமா, தங்கையின் திருமணம் தாங்குமா என்று பெற்றோர் எண்ணட்டும். மேனிலையில் உயிரியல் படித்து, மதிப்பெண் குறைந்தமையால் கலைப்பட்டம் நாடியவர்க்கு இவ்வழி ஓரளவு ஏற்றது. மற்றவர்க்கு மிகக் கடினம். இன்று ஒன்பதாம் பத்தாம் வகுப்பில் உள்ள தம்பி தங்கையர்க்கு மருத்துவ விருப்பம் இருக்குமாயின் மேனிலையில் உயிரியலை விடாமல் எடுக்கச் சொல்வதே அறிவு.

தமிழில் மருத்துவம் கற்க இயலாது என்னும் பேச்சு அவையில் எழுந்தது. யாழ்ப்பாணத்தில் 1847இல் வந்திறங்கிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் அப்பேச்சை நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்பே பொய்யாக்கினார். முதலில் ஆங்கிலத்திலும் பின்னர்த் தமிழிலும் மாணவர்க்கு மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, மகப்பேறு, அறுவை, வேதியியல் எனப் பாடநூல்களைத் தமிழில் ஆக்கினார், கலைச்சொற்களைத் தொகுத்தார். அவர் சொற்களில் வடமொழி மிகுதி என்பது குறையே. எனினும் தமிழில் பயின்ற அவர் மாணவர்கள் சிற்றூர்களில் மருத்துவராய்ப் பணிபுரிந்தனர். பிறநாட்டான் ஒருவன் செய்து காட்டியதை நம்மவர் தொடராமல் விட்டனர்.

எஞ்சியது செலவு. பெற்றோர் மிகுதியாகக் கேட்டது அதுவே. அரசுச் சட்டக் கல்லூரியில் கட்டணம் குறைவு. விடுதியும் உணவும் நூலுமே பெருஞ்செலவு. படிப்பு முடிந்ததும் வழக்குரைஞராய்ப் பதிவு செய்ய மாநிலந்தோறும் பல்லாயிரம் வாங்கி வந்தனர். 2024 சூலை 30ஆம் நாள் உச்ச முறைமன்றம், சட்டம் குறித்த தொகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பொதுப் பிரிவினர்க்கு 750 உருபா, பட்டியல் வகுப்பினர்க்கும் பழங்குடியினர்க்கும் 125 உருபா. மேலே கேட்டால் அத்தீர்ப்பை எடுத்துக் காட்டலாம். பதிவுக்குப் பின் எழுதவேண்டிய அனைத்திந்திய வழக்குரைஞர் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். முதல் மூன்றாண்டு மூத்த வழக்குரைஞரிடம் இருக்கும் காலத்தில் வருவாய் சொற்பம். பேருந்துச் செலவுக்குத்தான் காணும். நடுவர் தேர்வெழுத மூன்றாண்டு வழக்குரைப் பட்டறிவு வேண்டும் என்று 2025 மே 20ஆம் நாள் உச்ச முறைமன்றம் மீண்டும் விதித்துள்ளமையால், அம்மூன்றாண்டை எவரும் தாண்டிக் குதிக்கவும் இயலாது. ஆகவே படிப்புக்கு மூன்று, பழகுதற்கு மூன்று என ஆறாண்டுக்குக் கணக்குப் போட்டே இறங்குதல் வேண்டும். பட்டச் சான்று, மதிப்பெண் பட்டியல், வகுப்புச் சான்று, மேனிலைச் சான்று ஆகியவற்றை இப்பொழுதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்ப அறிவிப்பு வந்தபின் வட்டாட்சியர் அலுவலகத்தில் நின்றால் நாள் கடந்துவிடும்.